ஆற்றங்கரையில் ஐந்து இரவுகள்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி. ஆகவே 2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்படியொரு வண்டி ஜவளகிரியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, தெருவில் கூடிய பிள்ளைகள் எங்களைப் பொருட்படுத்தவில்லை. யார் இறங்கப்போகிறார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இருவர் ராகி மாவையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் ஜமுக்காளத்தையும் அதில் ஏற்றத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. ஒரு சிறுவன் மட்டும் கடைசிவரை நம்பிக்கை இழக்காமல் நின்றான்.

இதை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். யார் எந்த வாக்கியத்தை எழுதினார் என்பதில் எங்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. தேவைப்படும் இடங்களில் மூத்தவர், இளையவர் என்று குறிப்பிடுகிறோம். மூத்தவர் ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். அடிச்சட்டத்தில் பிரேக்குகளைப் பொருத்திச் சோதிக்கும் பிரிவு. இளையவர் தளி ஒன்றியத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியை. திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஜவளகிரியைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதன் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி, காட்டுக்குள் பாதி உடலை வைத்திருக்கும் ஊர் இது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இளையவர் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் இந்த வழியாகத்தான் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குப் போகின்றன. ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் அவை கூட்டம் கூட்டமாக வரும். பரணில் படுத்துக் காவல் காக்கும் ஆட்கள் இரவெல்லாம் கூவிக்கொண்டிருப்பார்கள். அதே இரவு முடிவதற்குள், ஓசூர் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்கும். இந்த இரண்டு ஓசைகளுக்கு நடுவில்தான் எங்கள் தூக்கம் இத்தனை ஆண்டுகளாக அமைந்திருந்தது.

எங்கள் ஊரில் பேர் சொல்லும்படியான ஆறு இல்லை. மூத்தவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. இளையவர் பிறந்தது குளித்தலைப் பக்கம், காவிரிக்கரை. கல்யாணமாகி வந்த புதிதில் இரவில் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று அழுததாக மூத்தவர் சொல்கிறார். அழவில்லை, சொன்னது மட்டும்தான் என்கிறார் இளையவர். எப்படியானாலும், ஓய்வுபெற்றதும் காவிரிக்கரையில் சில இரவுகள் தூங்க வேண்டும் என்பது பழைய பேச்சு. விடுதி அறை வேண்டாம், தண்ணீர் ஓரத்திலேயே வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெங்களூரில் கேரவன்களை நாள் கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள், ஓட்டுநர் இல்லாமலும் தருகிறார்கள் என்று எங்கள் மகள் சொல்லப்போய் அது நடந்தது. ஒரு நாள் வாடகை எங்கள் ஒரு மாத மளிகைக் கணக்கைத் தாண்டியது. சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது என்பதால் சொல்கிறோம்.

உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று 1885இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் செய்யப்பட்ட 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் சொல்வார்கள். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கட்டச் சொன்னது. வண்டி பெரிது, சாலை குறுகல் என்பதால் அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் எதிரே வருபவர்களை எச்சரிப்பாராம். ஆனால் குடும்பத்தோடு வண்டியிலேயே வாழ்ந்து திரிவது நமக்குப் புதிதா என்ன? சிலம்பில் கோவலனின் தந்தை பெயரே மாசாத்துவான். சாத்து என்றால் வணிகர் கூட்டம், கேரவன் என்ற சொல்லுக்கு மூலமான பாரசீகச் சொல் குறித்ததும் அதையேதான். சாத்துவான் மகனும் மருமகளும் ஒரு வண்டிகூட இல்லாமல் காவிரிக்கரையோடு நடந்து போனார்கள் என்பது வேறு விஷயம். பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. காடிப் பானையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வண்டியின் மாடுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண். இளையவர் இதை வகுப்பில் பல முறை நடத்தியிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி அப்போதெல்லாம் ஒரு நொடிகூட நின்று யோசித்ததில்லை.

*

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் என்பது நாங்கள் போட்ட பாதை. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, தெற்குச் சரணாலயம் 2022இல். இந்தச் சாலையில் பெரும்பகுதி காடு. காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் தங்க முடியாது, தங்கவும் கூடாது. ஆகவே ஒகேனக்கலையும் தாண்டிப் பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். மூத்தவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் உறவினருக்கு அங்கே மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கொஞ்சம் பட்டா நிலம் உண்டு.

தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமியைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். அஞ்செட்டி மலை இறங்கும்போது வண்டியின் இடப்பக்கம் ஒரு புதரை உரசியது. "உள்ளுக்குள்ள இருக்கற பாத்திரமெல்லாம் இடிக்குதுங்க, கொஞ்சம் மெதுவா" என்றார் இளையவர். அஞ்செட்டிக் கடைத்தெருவில் இடப்புறச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. மூத்தவர் பிரேக்கை மிதித்தது கடைசி நொடியில்தான். ஸ்கூட்டர்க்காரர் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரேக்கைச் சோதித்த மனிதர், பெரிய வண்டி, பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டோம். இந்த வாக்கியத்தில் 'கொண்டோம்' என்று எழுதுவது சரியில்லை. நினைத்துக்கொண்டவர் ஒருவர்தான்.

ஒகேனக்கல்லில் மதியம் மீன் வறுவலோடு சாப்பிட்டோம். கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள்படும் அந்த இடத்தில் அன்று புகை அதிகமில்லை. 2023இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வழி தேடிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே பிலிகுண்டுலுவில்தான் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றை அளக்கிறது. ஓராண்டில் 177.25 டி.எம்.சி. அங்கே வந்து சேர வேண்டும் என்பது 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு. கணக்கும் தண்ணீரும் சந்தித்துக்கொள்ளாத ஆண்டு அது. மீன் வறுத்துக் கொடுத்த அம்மா எங்கள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஷூட்டிங்கா சார்? 'ரோஜா' படம் எடுத்தப்போ நான் சின்னப் பொண்ணு" என்றார். நாங்கள் படத்தில் இல்லை என்பதை அவர் நம்பச் சற்று நேரமாயிற்று.

*

நாகமரையில் நிலத்துக்காரரும் அவர் மனைவியும் எங்களுக்காகக் கடலைக்காட்டின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியைக் கூட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே நிலம் மெல்லச் சரிந்து தண்ணீரைத் தொடுகிறது. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. அந்த பிப்ரவரியில் நீர்மட்டம் எழுபது அடிக்கும் கீழே இருந்தது. ஆகவே மரத்தடிக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்துக் காய்ந்த ஏரிப்படுகை அகலமாகக் கிடந்தது. அதில் ராகியும் எள்ளும் கடலையும் போட்டிருந்தார்கள். தண்ணீர் இறங்கும்போது பயிர் அதன் பின்னாலேயே இறங்கிப் போகும், ஏறும்போது விட்டுக்கொடுத்துவிட்டு மேலே வரும். "அணைக்கு நாங்க குத்தகைக்காரங்க மாதிரிங்க" என்றார் நிலத்துக்காரர்.

வண்டிக்குள் வாழ்வதைப் பற்றி நண்பர்கள் பலரும் கேட்டார்கள். தொட்டியில் எண்பது லிட்டர் தண்ணீர். குளியலுக்கு ஆறு இருப்பதால் அது தாராளம் என்று நினைத்தோம். பாத்திரம் கழுவியே இரண்டாம் நாள் பாதியாயிற்று. கழுவிய நீர் தனித் தொட்டியில் சேரும். அதை ஆற்றில் விடக்கூடாது என்பதால் வேப்பமரத்துக்கு ஊற்றினோம். கழிப்பறைப் பெட்டியை இழுத்து வெளியே எடுத்து, நிலத்துக்காரர் வீட்டுக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வர வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். கூரைமேல் சூரியத் தகடு, கீழே மின்கலம், அதில் ஓடும் முழங்கால் உயரக் குளிர்பெட்டி. மின்கலம் தாங்குவதற்காக விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டில் நாங்கள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

சாயங்காலம் இரண்டு மடக்கு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு படுகையில் இறங்கித் தண்ணீர் ஓரம் வரை போய்விடுவோம். எதிர்க்கரையில் பண்ணவாடி, சேலம் மாவட்டம். நாகமரையிலிருந்து அங்கே மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு படகு போகிறது. இருட்டியதும் பரிசல்கள் வலை விட வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு. தண்ணீர்ச் சத்தம் என்று இளையவர் இத்தனை ஆண்டுகளாக ஏங்கியது அங்கே இல்லை. தேங்கிய காவிரி சத்தம் போடுவதில்லை. காற்று வந்தால் கரையில் லேசாகத் தட்டும், அவ்வளவுதான். முதல் இரவு அது ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் இரவு அந்தத் தட்டலை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டோம்.

மூன்றாம் இரவு.

தோசை மாவு டப்பாவை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்த இளையவர் அதன் பின்னால் ஒரு மருந்துக் கவரைப் பார்த்தார். உள்ளே பிரிக்காத கண் சொட்டு மருந்து. கூடவே மடித்து வைத்த சீட்டு. சீட்டில் தேதி 2023 ஆகஸ்ட்.

"இது என்னங்க?"

"கண்ணுக்கு."

"யார் கண்ணுக்கு?"

மூத்தவர் பதில் சொல்லவில்லை.

கிளாக்கோமா. கண்ணுக்குள் நீரழுத்தத்தால் பார்வை நரம்பு நசிந்துபோகும் நோய். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண்ணும் மூளையும் சேர்ந்து நிரப்பிவிடுவதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. மருந்து மிச்சத்தைக் காக்கும். மூத்தவருக்கு இடக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது, வலக்கண்ணில் கொஞ்சம். பிரித்த புட்டியை வெளியே வைத்துச் சில வாரங்கள் பயன்படுத்தலாம் என்பதால் ஜவளகிரி வீட்டில் அது சட்டை அலமாரிக்குள் ஆறு மாதம் இருந்தது. பிரிக்காத புட்டிக்குத்தான் குளிர்ச்சி வேண்டும். நாகமரை வெயிலை நினைத்துப் புதிய புட்டியை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்.

"வண்டி ஓட்டலாம்னு டாக்டர் சொன்னாரா?"

"யோசிச்சுக்குங்கன்னு சொன்னார்."

"அஞ்செட்டி மலை இறங்கும்போது யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

ஓட்டுநர் உரிமம் 2027 வரை செல்லும் என்று மூத்தவர் சொன்னார். அவர் சொன்னவற்றிலேயே மிகவும் மோசமான வாக்கியம் அதுதான் என்பதில் இப்போது இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வாகனம் செய்யும் இடத்தில் வாழ்நாளைக் கழித்தவர், பிரேக் பிடிக்காத வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

காரணம் பிறகு வந்தது, துண்டு துண்டாக. மருத்துவமனை, வங்கி, மருந்துக்கடை என்று எதற்கெடுத்தாலும் ஜவளகிரியிலிருந்து ஓசூருக்குப் போக வேண்டும். பஸ் உண்டு, இரவில் நெஞ்சு வலித்தால் பஸ் கிடையாது. மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடியில் இருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த மாதமே வீட்டை விற்கச் சொல்வாள். அவள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். அதுதான் பயம். கார் போனால் வீடு போகும் என்று அவர் ஆறு மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார், தனியாக.

"பயந்தது சரிங்க. பக்கத்துல என்னை உக்கார வச்சுக்கிட்டது எதுக்கு?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. எழுதும்போது கேட்டுப் பார்த்தோம்.

வீட்டில் என்றால் ஒருவர் கூடத்தில் படுத்துக்கொள்வார். கேரவனில் கோபத்துக்கு இடம் கிடையாது. இருக்கும் ஒரே கட்டில் ஆறடிக்கு நாலரை அடி. இளையவர் ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு படுகையில் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். மூத்தவர் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். இருட்டில் அவர் படுகையில் இறங்கி வந்தால் விழுந்துவிடுவாரோ என்று இளையவருக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் இன்னும் கோபம் வந்தது. பரிசல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

*

மறுநாள் காலை நிலத்துக்காரரின் மனைவி வந்து, "அக்கா, அக்கரைக்குப் போய் நந்தி பார்த்துட்டு வாங்க, தண்ணி ஏறிட்டா தெரியாது" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். பேசிக்கொள்ளாமலே படகில் ஏறினோம்.

மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. தண்ணீர் ஏறியபோது இந்தப் பகுதியின் பழைய ஊர்கள் மூழ்கின. மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். நாங்கள் போன அன்று நந்தி முழுதாக வெளியே இருந்தது. நிறம் போய், வெயிலில், சுற்றிலும் சேறு காய்ந்த தரையில். யாரோ பூ வைத்திருந்தார்கள். படம் எடுக்கச் சிலர் வந்திருந்தார்கள். படகுக்காரர், "இது தெரிஞ்சா உங்களுக்குச் சந்தோஷம், எங்களுக்குக் கஷ்டகாலம்" என்றார். அவருடைய பாட்டனார் ஊரும் கீழேதான் இருக்கிறதாம். எங்கே என்று கேட்டோம். துடுப்பால் தண்ணீரில் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார்.

திரும்பி வரும்போது இளையவர், "உங்களுக்கு எவ்வளவு தெரியுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அன்று முழுவதும் பேசிய முதல் வாக்கியம் அது.

மாலையில் படுகையில் நாற்காலியை எதிர்க்கரைக்கு நேராகப் போட்டு மூத்தவரை உட்கார வைத்தார். நந்தி இருக்கும் திசையையே பார்க்க வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது. மருத்துவர்கள் விரலை அசைத்துச் செய்யும் சோதனைதான். நாங்கள் அதைப் பெரிய அளவில் செய்தோம். இளையவர் ஒரு சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி, பின்னாலிருந்து அரை வட்டமாக நடந்து வருவார். கண்ணில் பட்டதும் மூத்தவர் 'ம்' சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஒரு கல்லை வைப்போம்.

வலப்பக்கம் கிட்டத்தட்ட காதுக்கு நேராக வந்தபோதே 'ம்' வந்தது. இடப்பக்கம் வரவில்லை. இளையவர் நடந்துகொண்டே இருந்தார். துண்டை ஆட்டினார். அவருக்கு நேர் முன்னால் வந்துவிடுவோமோ என்று பயம் வந்த இடத்தில்தான் 'ம்' கேட்டது. மூன்று முறை செய்தோம். மூன்று கற்களும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

மூத்தவர் எழுந்து போய் அந்தக் கற்களைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் கற்களைப் பார்த்தார். சீட்டில் எழுதியிருந்ததை ஆறு மாதமாகப் படித்தவர்தான். தரையில் இத்தனை அகலமாக அதைப் பார்த்ததில்லை. வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நீட்டிய விதத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இளையவருக்குக் கார் ஓட்டத் தெரியும், நாற்பத்தெட்டு வயதில் பள்ளிக்குப் போவதற்காகக் கற்றது. இவ்வளவு பெரிய வண்டியைத் தொட்டதில்லை. ஐந்தாம் நாள் காலை நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு பயிரில்லாத கெட்டிப் படுகையில் வண்டியை இறக்கினோம். ஓட்டக் கற்றுக்கொள்ள வற்றிய அணையைவிட நல்ல இடம் கிடையாது. மோதுவதற்கு எதுவுமில்லை. முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாம் கியரில் நான்கு சுற்று. பின்னால் எடுக்கும்போது மட்டும் இருவருக்கும் குரல் உயர்ந்தது. "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியை", "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க சும்மா இருங்க". பரிசல்காரர்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் விசிலடித்தார். கடைசியில் அவர்களுக்கும் ஒரு ஷூட்டிங் பார்த்த திருப்தி கிடைத்திருக்க வேண்டும்.

உமணப் பெண்ணின் நினைவு இளையவருக்கு அப்போது வந்ததாகச் சொன்னால் அது இலக்கியத்துக்காகச் சொல்வதாகிவிடும். அப்போது நினைவில் இருந்தது கிளட்ச் மட்டும்தான். உரையாசிரியர்கள் அவளை ஏன் ஓட்ட வைத்தார்கள் என்று சொல்லவில்லையே என்பது வீடு திரும்பிப் புத்தகத்தைப் புரட்டியபோது தோன்றியது.

*

அஞ்செட்டி மலை வேண்டாம் என்று பென்னாகரம், தருமபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகத் திரும்பினோம். இளையவர் ஓட்டினார். மூத்தவர் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். அந்த இருக்கையில் அவர் பயணம் செய்தது இதற்கு முன் எப்போது என்று இருவருக்கும் நினைவில்லை. பாலக்கோடு வரை அவர் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது, அங்கே பிரேக் இல்லாவிட்டாலும். இராயக்கோட்டையில் காபி குடித்தோம். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னது அங்கேதான். அவள் அழுதாள், திட்டினாள், நாங்கள் எதிர்பார்த்தபடியே வீட்டைப் பற்றிப் பேசினாள். "வீடு இருக்கட்டும், நான் ஓட்டறேன்" என்றார் இளையவர். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

தளி தாண்டும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ஜவளகிரிக்குச் சற்று முன்னால், காடு சாலையைத் தொடும் இடத்தில், இளையவர் வண்டியை நிறுத்தி விளக்கைத் தாழ்த்தினார்.

"ஏன் நின்னுட்ட?"

இளையவர் இடப்பக்கம் கை காட்டினார். மூத்தவர் தலையைத் திருப்பும் முன்பே முதல் யானை சாலை நடுவுக்கு வந்துவிட்டது. அவருக்கு அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முளைத்தது போலிருந்ததாம். அதன் பின்னால் இன்னும் இரண்டு, நடுவில் ஒரு குட்டி. அவை வலப்பக்கம் இறங்கி மறையும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. முப்பதாண்டுகளாக யானைகளுக்கு நடுவில் இருப்பவர்கள் நாங்கள். கிளம்பும்போது இளையவரின் கை நடுங்கியது; கியர் விழ இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இடப்பக்கக் கீறலுக்கு முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். வீடு விற்கப்படவில்லை. மருந்து இப்போது வீட்டுக் குளிர்பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்படி கதவுத் தட்டில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வைப் பரப்பை அளக்கப் போகிறோம். பழைய காரை இளையவர் ஓட்டுகிறார். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காத ஆலோசனைகளை வழங்குகிறார்.

அந்த ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தில் பெருமழை பெய்து காவிரி பெருகியது. மாதத் தொடக்கத்தில் நாற்பதடி அளவில் கிடந்த மேட்டூர் அணை ஜூலை 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. அன்று மாலை நிலத்துக்காரர் தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் காற்றும் தண்ணீரும் கேட்டன. வேப்பமரம் வரைக்கும் வந்துவிட்டது என்றார். நாங்கள் நாற்காலி போட்ட இடத்துக்கு மேலே ஐம்பதடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும் என்று மூத்தவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"நீங்க அடுக்கி வச்சிருந்த கல்லை நான் எடுக்கலைங்க. எதுக்கு வச்சீங்கன்னு தெரியலை, சாமி கல்லோ என்னமோன்னு விட்டுட்டேன்" என்றார் நிலத்துக்காரர்.

அப்படியே இருக்கட்டும் என்று சொன்னோம். அடுத்த முறை எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் இறங்கட்டும் என்றார் மூத்தவர். தண்ணீர் இருக்கும்போதே வருகிறோம் என்றார் இளையவர்.